மாவுச்சத்து குறைந்த உணவு மாற்றுப் பானம்: வீட்டிலேயே தயாரிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரு வேளை உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் இந்தப் பானத்தைத் தயாரிக்கப் புதிதாக இறங்குபவர்களில் பெரும்பாலோரின் முதல் கலவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: ஒரு பெரிய டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கை ஓட்ஸ், மேலே ஒரு கரண்டி புரதத் தூள். சத்தான பானம்தான், சந்தேகமில்லை. ஆனால் 300 மி.லி. பாலில் 14 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்), நடுத்தர வாழைப்பழத்தில் 24 கிராம், 40 கிராம் ஓட்ஸில் 22 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், நார்ச்சத்தைக் கழித்த பிறகும் ஒரே குவளையில் 60 கிராம் மாவுச்சத்து சேர்ந்துவிடுகிறது. நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குள் நிற்பதாக முடிவெடுத்தவருக்குக் காலைப் பானமே எல்லையைத் தாண்டிவிட்டது. சர்க்கரை ஒரு சிட்டிகைகூடப் போடாமல் இது நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆகவே மிக்சியை எடுப்பதற்கு முன்னால் தராசையும் ஒரு காகிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

எத்தனை வேளைக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நாளுக்கு ஒரு வேளை என்பதே என் பரிந்துரை. காலையிலோ மதியத்திலோ சமைக்க நேரமில்லாத ஒரு வேளைக்கு இதைக் குடித்துவிட்டு, மற்ற வேளைகளில் தட்டில் வைத்த உணவைச் சாப்பிடுகிறவருக்குப் பானத்தில் ஏதாவது ஒரு சத்து விட்டுப்போனாலும் அதை மற்ற உணவு ஈடுகட்டிவிடும். மூன்று வேளையும் பானமே என்று போனால் அந்தக் காப்பு இல்லாமல் போகிறது. அப்போது நீங்கள் மறந்த ஒவ்வொரு சத்தும் வாரக்கணக்கில் உடம்பில் குறைந்துகொண்டே வரும்.

இதை வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்லவில்லை. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், விலங்குகளின் தோலிலிருந்தும் இணைப்புத் திசுக்களிலிருந்தும் எடுத்த கொலாஜனைக் கரைத்துச் செய்த திரவப் புரதத்தை மட்டுமே மாதக்கணக்கில் குடித்து எடை குறைத்தவர்களில் பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்துபோனார்கள். கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லை. அந்தப் பானங்களில் கலோரி மிகக் குறைவாக இருந்ததோடு தாதுப்புகளும் போதவில்லை. அதன் பிறகே இத்தகைய தயாரிப்புகளின் மேல் எச்சரிக்கை அச்சிடும் விதி அங்கே வந்தது. இன்னொரு நிகழ்ச்சி அண்மைக் காலத்தது. சாய்லெண்ட் என்ற பானத்தை உருவாக்கிய ராப் ரைன்ஹார்ட் 2013-ல் தன் மீதே சோதனை செய்து பார்த்தபோது, முதல் கலவையில் இரும்புச்சத்தைச் சேர்க்கவே மறந்திருந்தார். சில நாட்களிலேயே நெஞ்சு படபடத்த பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. கவனமாகக் கணக்குப் போட்ட ஒருவருக்கே இப்படி நேர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒன்று என்ற வரம்பு ஏன் நல்லது என்பது விளங்கும்.

யார் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது

இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்கிற நீரிழிவு நோயாளிகள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால், மருந்தின் அளவு மாறாத நிலையில் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். எஸ்ஜிஎல்டி-2 தடுப்பான் வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு, இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோ அமிலத்தேக்கம் (இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் ஆபத்தான அளவுக்குச் சேர்வது) வரும் ஆபத்து கூடுகிறது. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் அளவோடு இருந்தாக வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, உடம்பிலிருந்து உப்பும் நீரும் இறங்கும்போது அழுத்தம் மிகவும் தாழ்ந்து தலைசுற்றல் வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும், வளரும் பிள்ளைகளும், உணவுக் கோளாறால் அவதிப்பட்டவர்களும் இந்த முயற்சியை மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் செய்ய வேண்டாம்.

லேபிளைப் படிக்கும் முறை

மாவுச்சத்து குறைந்த உணவு என்பதற்கு ஒரே வரையறை இல்லை. நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தாலே குறைவு என்று கொள்பவர்கள் உண்டு. மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைக்கும் கீட்டோ முறையில் 20 முதல் 50 கிராம் வரைதான் அனுமதி. உங்கள் எல்லை எதுவானாலும், ஒரு வேளைப் பானத்துக்கு நிகர மாவுச்சத்து 5 கிராமுக்குள் இருக்கும்படி செய்துவிட்டால், மற்ற வேளைகளுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

நிகர மாவுச்சத்து என்பது மொத்த மாவுச்சத்திலிருந்து, சிறுகுடலில் செரிக்காத நார்ச்சத்தைக் கழித்த மீதி. கணக்கு எளிதானது; சிக்கல் லேபிளில் இருக்கிறது. அமெரிக்க முறையில் அச்சிட்ட லேபிளில் மொத்த மாவுச்சத்து என்ற வரிக்குள் நார்ச்சத்தும் அடங்கியிருக்கும், ஆகவே நீங்கள் கழிக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் அச்சிட்ட லேபிளில் நார்ச்சத்து ஏற்கெனவே தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதை மறுபடியும் கழித்தால் கணக்கு தவறிவிடும். ஒரு பொட்டலத்தில் மாவுச்சத்து 3 கிராம், நார்ச்சத்து 27 கிராம் என்று இருந்தால் அது இரண்டாவது வகை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். இரண்டு எண்களும் நெருக்கமாக இருக்கும்போதுதான் ஏமாந்துபோகிறோம். சந்தேகம் வந்தால் கலோரியைக் கூட்டிப் பாருங்கள்: புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9, நார்ச்சத்துக்கு ஏறக்குறைய 2. எந்த முறையில் கூட்டினால் லேபிளில் உள்ள கலோரி வருகிறதோ அந்த முறையில்தான் அது அச்சிடப்பட்டிருக்கிறது.

தேவையான கருவிகள்

ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு, மிக்சி அல்லது பிளெண்டர், இறுக மூடும் வாயகன்ற பாட்டில், இவ்வளவு போதும். உப்பு போன்ற சிறிய அளவுகளுக்கு 0.1 கிராம் காட்டும் கையடக்கத் தராசு இருந்தால் நல்லது. தூளோடு வரும் பிளாஸ்டிக் கரண்டியை நம்ப வேண்டாம். தளர்வாக அள்ளினால் ஓர் எடை, டப்பாவின் ஓரத்தில் அழுத்தி அள்ளினால் வேறோர் எடை. ஒருமுறை 30 கிராம் என்று அச்சிட்ட கரண்டியால் ஐந்து தடவை அள்ளி, ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பாருங்கள். அதன் பிறகு அந்தக் கரண்டியை அள்ளுவதற்கு மட்டும்தான் பயன்படுத்துவீர்கள்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

புரதம்தான் பானத்தின் முதுகெலும்பு. ஒரு வேளைக்கு 25 முதல் 35 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளலாம். வயது வந்தவர்களுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பதால், 60 கிலோ எடையுள்ளவரின் அன்றாடத் தேவையில் பாதிக்கும் மேல் இதிலேயே கிடைத்துவிடும். பால் திரிந்து வடியும் நீரிலிருந்து எடுக்கும் வே புரதத்தில் ஐசோலேட், கான்சன்ட்ரேட் என்று இரண்டு வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஐசோலேட்டில் சுமார் 90 விழுக்காடு புரதம், லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை மிகக் குறைவு. கான்சன்ட்ரேட்டில் புரதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், லாக்டோஸ் சற்று அதிகம். பால் குடித்தால் வயிறு உப்பும் வழக்கம் உள்ளவர்கள் ஐசோலேட்டையே எடுப்பது உத்தமம். பாலாடைக் கட்டியின் புரதமான கேசீன் தண்ணீரில் தானே கெட்டிப்பட்டு, பாயசம் போன்ற பதத்தைத் தரும். பசியைத் தள்ளிப்போட அது உதவும் என்றாலும் புதியவர்களுக்கு அளவு பிடிபடச் சில நாட்கள் ஆகும். பால் பொருள் வேண்டாம் என்பவர்களுக்குச் சோயா ஐசோலேட் நல்ல தேர்வு. பட்டாணிப் புரதத்தில் சோடியம் எதிர்பாராத அளவுக்கு இருக்கலாம், லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொலாஜன் தூளை மட்டும் புரதமாக வைத்து இந்தப் பானத்தைச் செய்யாதீர்கள். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். சுவையூட்டிய தூளைவிடச் சுவை சேர்க்காத தூளை வாங்குவது என் வழக்கம், ஏனென்றால் இனிப்பைக் குறைப்பது நம் கையில் இருக்கும்.

அடுத்தது கொழுப்பு. மாவுச்சத்தை எடுத்துவிட்ட பானத்தில் கலோரி கொழுப்பிலிருந்துதான் வந்தாக வேண்டும். கொழுப்புக்குப் பயந்து அதையும் குறைத்தால் கையில் மிஞ்சுவது புரதத் தண்ணீர், இரண்டு மணி நேரத்தில் பசி திரும்பிவிடும். வாசனை அதிகமில்லாத ஆலிவ் எண்ணெய், தேங்காய்ப்பால், பாலேடு ஆகியவற்றில் எதையும் பயன்படுத்தலாம். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடல் ஏற்றுக்கொள்ளவும் கொழுப்பு துணை செய்கிறது. தேங்காய் எண்ணெய் போன்றவற்றிலிருந்து நடுத்தர நீளக் கொழுப்புகளை மட்டும் பிரித்தெடுத்த எம்சிடி எண்ணெயைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் நாளே இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் குடித்துவிட்டு வெளியே கிளம்பாதீர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன், வயிற்றைக் கலக்கிவிடும். விருப்பம் இருந்தால் 5 கிராமில் தொடங்கி, வாரத்துக்குச் சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.

நார்ச்சத்துக்கு ஆளி விதைத் தூள், சியா விதை, இசப்கோல் உமி என்று மூன்று வழிகள் உண்டு. ஆளி விதையின் 100 கிராமில் மாவுச்சத்து 29 கிராம் என்றாலும் அதில் 27 கிராம் நார்ச்சத்தே. கூடவே ஒமேகா-3 வகைக் கொழுப்பான ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் தாராளமாக இருக்கிறது. முழு விதையாகப் போட்டால் அப்படியே செரிக்காமல் வெளியேறிவிடும் என்பதால் தூளாக்க வேண்டும். தூளாக்கியதை நெடுநாள் வைக்கவும் கூடாது. ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் எண்ணெய் இந்த விதையிலிருந்துதான் வருகிறது. காற்றுப் பட்டால் இறுகிவிடும் அந்தக் குணமே தூளைச் சீக்கிரம் கெடச் செய்கிறது. பெயிண்ட் வாடை அடித்தால் அதைக் கொட்டிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து உறைபெட்டியில் வைப்பது நல்ல பழக்கம்.

இனிப்பில் ஒரு பொறி உண்டு. சுக்ரலோஸ் என்னும் செயற்கை இனிப்பு சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பானது. அவ்வளவு நுண்ணிய பொருளை மேசையில் வைத்து அள்ள முடியாது என்பதால் பொட்டலங்களில் அதை டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரினோடு கலந்து விற்கிறார்கள், அவை இரண்டும் மாவுச்சத்தே. நாளுக்கு ஒன்றிரண்டு பொட்டலத்தில் பெரிய கேடு இல்லை. கணக்கில் சேர்த்தால் போதும். திரவ வடிவில் வரும் சுக்ரலோஸிலும் ஸ்டீவியாவிலும் பொதுவாக இந்த நிரப்புப் பொருள் இருப்பதில்லை. எரித்ரிட்டால் கிராமுக்கு 0.2 கலோரிதான் தருகிறது, ஆனால் குளிர்ந்த பானத்தில் சில சமயம் மணல்போல நெறுநெறுக்கும். மால்டிட்டாலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சர்க்கரை இல்லாதது என்று எழுதியிருந்தாலும் அதில் கணிசமான பகுதி இரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

அடிப்படை அளவு

400 மி.லி. தண்ணீருக்கு: வே ஐசோலேட் 30 கிராம், பாதாம் தூள் 15 கிராம், ஆளி விதைத் தூள் 10 கிராம், சர்க்கரை சேர்க்காத கோகோ தூள் 5 கிராம், இசப்கோல் உமி 3 கிராம், ஆலிவ் எண்ணெய் 15 கிராம், உப்பு 1 கிராம், இனிப்பு உங்கள் நாக்குக்கு ஏற்றபடி. இதில் சுமார் 400 கலோரி, புரதம் 33 கிராம், கொழுப்பு 28 கிராம், நார்ச்சத்து 9 கிராம், நிகர மாவுச்சத்து 3 முதல் 4 கிராம் வரை வரும். உங்கள் புரதத் தூளின் லேபிளைப் பொறுத்து ஓரிரு கிராம் முன்பின் ஆகலாம். இன்னும் 45 கலோரி வேண்டுமென்றால் எண்ணெயை 20 கிராமாக்கினால் போதும். புரதத்தையோ மாவுச்சத்தையோ தொட வேண்டியதில்லை.

உப்பு எதற்கு என்று கேட்பார்கள். மாவுச்சத்தைக் குறைத்த முதல் சில நாட்களில் உடம்பு சேர்த்து வைத்திருந்த கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து இருப்பு கரைகிறது, ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் இறங்குகிறது, இன்சுலின் குறைவதால் சிறுநீரகமும் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிறது. தராசில் முதல் வாரத்தில் மளமளவென்று எடை குறைவதன் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். அந்த வாரத்தில் வரும் தலைவலியும் சோர்வும் பெரும்பாலும் இந்த உப்பு, நீர் இழப்பால் வருபவை. 1 கிராம் உப்பில் சுமார் 400 மி.கி. சோடியம் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்புக்குள் இது அடக்கம். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

பொட்டாசியம் தூளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு: ஒரு வேளைப் பானத்துக்கு அது வேண்டவே வேண்டாம். வயது வந்த ஆண்களுக்கு நாளுக்கு 3,400 மி.கி., பெண்களுக்கு 2,600 மி.கி. என்பது அமெரிக்க தேசிய அகாதெமிகள் 2019-ல் வெளியிட்ட அளவு. மேற்சொன்ன பானத்தில் பாதாம், ஆளி விதை, கோகோ, வே ஆகியவற்றிலிருந்து 400 மி.கி.யை ஒட்டிக் கிடைக்கும். மீதியைக் கீரையும் காய்கறியும் மீனும் தரும். பொட்டாசியம் குளோரைடு ஒரு கிராமில் ஏறக்குறைய 520 மி.கி. பொட்டாசியம் இருப்பதால், கரண்டி சற்றே தவறினாலும் ஒரே மூச்சில் அளவுக்கு மீறிய பொட்டாசியம் உள்ளே போய்விடும். சிறுநீரகம் சரியாக இயங்காதவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் அது இதயத்தையே பாதிக்கலாம்.

தயாரிக்கும் முறை

முதல் நாள் இரவே செய்துவைப்பது காலை அவசரத்துக்கும் நல்லது, சுவைக்கும் நல்லது. முதலில் கோகோ தூள், உப்பு, இனிப்பு மூன்றையும் ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு, 50 மி.லி. கொதிநீர் ஊற்றிக் கட்டியில்லாமல் குழையுங்கள். சுடுநீர் பட்டதும் கோகோவின் மணம் மேலெழும்பும், குளிர்ந்த நீரில் நேரடியாகப் போட்டால் அந்த மணம் வராது, தூளும் மேலே மிதக்கும். காபி விருப்பமானவர்கள் ஒரு கிராம் உடனடிக் காபித் தூளையும் இதிலேயே சேர்க்கலாம்.

அந்தக் குழைவைப் பிளெண்டரில் வழித்து ஊற்றி, 350 மி.லி. குளிர்ந்த தண்ணீர் சேருங்கள். பிறகு பாதாம் தூள், ஆளி விதைத் தூள், எண்ணெய் மூன்றையும் போட்டு 40 நொடி வேகமாக அடியுங்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதே என்ற கவலை வேண்டாம். ஆளி விதையின் வழவழப்பு எண்ணெய்த் துளிகளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். நெடுநேரம் பிரியாமல் இருக்க வேண்டுமென்றால் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் லெசித்தின் ஒரு கிராம் சேர்க்கலாம்.

புரதத் தூள் கடைசியில்தான் போக வேண்டும், அதுவும் கலவை ஆறிய பிறகு, குறைந்த வேகத்தில் பத்து நொடி மட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடித்தால், வே புரதம் காற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று விரல் உயரத்துக்கு நுரைத்துவிடும்; குடிக்கும்போது பாதி நுரைதான் வாய்க்கு வரும், வயிறும் உப்பும். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான நீரில் போட்டாலோ, முட்டை வெள்ளைக்கரு போலத் திரிந்து திப்பி திப்பியாகிவிடும். சூடாகக் குடிக்க ஆசைப்படுபவர்கள் கை பொறுக்கும் சூட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்போது பாட்டிலில் ஊற்றி மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரவு முழுவதும் இருக்கும்போது நுரை அடங்கும், பாதாம் தூள் ஊறி மென்மையாகும், கோகோவின் கசப்பும் சற்றுத் தணியும். காலையில் பார்க்கும்போது அடியில் பழுப்பாக ஒரு படிவும் மேலே வெளிறிய ஓர் அடுக்கும் தெரிந்தால் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். நன்றாகக் குலுக்கினால் சேர்ந்துவிடும்.

இசப்கோல் உமியைக் குடிப்பதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். தொடக்க நாட்களில் ஒருமுறை, நார்ச்சத்து நிறைய இருக்கட்டும் என்று 10 கிராம் உமியை இரவே கலந்து வைத்துவிட்டேன். காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. குலுக்கினால் உள்ளே முழு உருளையாக அசைந்தது. நீளமான கரண்டி விட்டுத் தோண்டித் தின்ன வேண்டியதாயிற்று. 3 கிராமைச் சேர்த்து, குலுக்கி, பத்து நிமிடத்துக்குள் குடித்து முடித்துவிட்டு, மேலே ஒரு டம்ளர் வெறுந்தண்ணீர் குடியுங்கள். உமியை உலர்வாகவோ போதிய நீரில்லாமலோ விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் இதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். மருந்துகள் உடலில் சேர்வதையும் உமி குறைக்கக்கூடும் என்பதால், மாத்திரைக்கும் பானத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

ஒரு வாரத்துக்கான உலர் கலவை

தண்ணீர், எண்ணெய், உமி, இனிப்பு நீங்கலாக மற்ற உலர் பொருள்கள் ஒரு வேளைக்கு 61 கிராம் வருகின்றன. ஏழு நாளுக்கு 427 கிராம். ஒரே பெரிய டப்பாவில் கலந்து தினமும் 61 கிராம் எடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் 7 கிராம் உப்பு 420 கிராம் தூளில் சமமாகப் பரவுவது எளிதல்ல. ஒரு நாள் உப்பில்லாமலும் ஒரு நாள் கரித்துக்கொண்டும் இருக்கும். மருந்து கலப்பவர்கள் செய்வதுபோல, உப்பை முதலில் அதே அளவு கோகோவோடு கலந்து, அந்தக் கலவையோடு அதே அளவு அடுத்த தூள் என்று இரட்டித்துக்கொண்டே போனால் ஓரளவு சமமாகும். அதைவிடச் சுலபம், ஏழு சிறு டப்பாக்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நிறுத்துப் போடுவது. கால் மணி நேரம்தான் ஆகும். பாதாமும் ஆளி விதையும் சேர்ந்திருப்பதால் இந்த டப்பாக்களைக் குளிர்பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கோகோவும் உப்பும் புரதத்தோடு கலந்துவிட்டதால் கொதிநீரில் குழைக்கும் படி இங்கே இல்லை. மணம் சற்றுக் குறையும், நேரம் மிச்சமாகும். எண்ணெயைத் தண்ணீரோடு அடித்துவிட்டு, இந்தத் தூளைக் கடைசியில் குறைந்த வேகத்தில் சேர்த்தால் போதும்.

பழகும் காலம்

முதல் மூன்று நாள் அரை அளவு மட்டும் குடித்து, கூடவே வழக்கமான உணவில் சிறிது சாப்பிடுங்கள். திடீரென்று 9 கிராம் நார்ச்சத்தும் 28 கிராம் கொழுப்பும் ஒரே மூச்சில் உள்ளே போனால் வயிறு பொருமுவது இயல்பே. மலச்சிக்கல் வந்தால் உமியைக் கூட்டுவதற்கு முன்னால் தண்ணீரைக் கூட்டுங்கள். தண்ணீர் போதாத வயிற்றில் நார்ச்சத்தைச் சேர்ப்பது சிக்கலை இறுக்கவே செய்யும். வயிறு இளகினால் எரித்ரிட்டால், எம்சிடி எண்ணெய் இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். இரண்டு மணி நேரத்திலேயே பசித்தால் புரதத்தைக் கூட்டுவதைவிட 5 கிராம் எண்ணெயைக் கூட்டிப் பார்ப்பது மலிவான வழி. தலைசுற்றலோ படபடப்போ ஓரிரு நாளில் போகாமல் நீடித்தால் பானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரே சமயத்தில் இரண்டு பொருளை மாற்றாதீர்கள். புரதத் தூளையும் இனிப்பையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வயிறு கெட்டால், காரணம் எதுவென்று கண்டுபிடிக்க இன்னொரு வாரம் வீணாகும். தேதி, மாற்றிய பொருள், எத்தனை மணிக்குப் பசித்தது என்ற மூன்று குறிப்புகளை ஒரு சிறு நோட்டில் எழுதிவந்தால், ஒரு மாதத்தில் உங்களுக்கென்று ஓர் அளவு அமைந்துவிடும்.

வைத்திருப்பதும் கழுவுவதும்

கலந்த பானம் பாலைப் போன்றதுதான். 4 டிகிரி செல்சியஸில் இரண்டு நாள் தாங்கும், வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கடும் வெயிலில் அதிலும் பாதி. அலுவலகத்துக்கு எடுத்துச்செல்பவர்கள் உலர் தூளைத் தனி டப்பாவில் எடுத்துப்போய் அங்கே தண்ணீரும் எண்ணெயும் சேர்ப்பதே பத்திரம். ஷேக்கரில் போடுகிறவர்கள் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுத் தூளைப் போட்டால் அடியில் கட்டி பிடிக்காது. குடித்து முடித்த பாட்டிலை உடனே குளிர்ந்த நீரில் அலசிவிடுங்கள். முதலிலேயே வெந்நீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் புரதம் வெந்து சுவரில் படிந்துவிடும். அதன் பிறகு சோப்பும் வெந்நீரும் போதும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் கழுவுங்கள். பாட்டிலை எவ்வளவு தேய்த்தும் போகாத அந்தப் புளித்த வாடை பெரும்பாலும் அந்த வளையத்துக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.